புது நாட்டுக்கு போறீங்களா? அங்க ரூல்ஸ் எப்படி ஓடுதுன்னு கத்துக்கறதுக்கு ஒரு வழி

வெளிநாட்டுக்கு வேலைக்கோ படிக்கவோ போறவங்க விசா, டிக்கெட், வீடு, பேங்க் அக்கவுண்ட் எல்லாத்தையும் தேடித்தேடி படிச்சிட்டு போவாங்க, ஆனா அந்த ஊர்ல எந்த ரூலை ஜனங்க உயிரா மதிக்கறாங்க, எதை கண்டுக்கவே மாட்டாங்கங்கறத யாரும் உக்கார வச்சு சொல்லித் தர மாட்டாங்க. சட்டத்துல எழுதியிருக்கற சிலத அந்த ஊர் ஆளுங்களே மதிக்க மாட்டாங்க, எங்கயுமே எழுதாத ஒண்ணுக்கு சண்டைக்கே வருவாங்க. வந்த புதுசுல இது ரெண்டும் தலைகீழா புரிஞ்சு மாட்டிக்கறவங்க தான் நிறைய.

இதுக்கு நான் சொல்ற வழி ஒண்ணு தான். எந்த ரூலைப் பாத்தாலும் "இதுக்கு யார் காவல்?"னு கேளுங்க. போலீஸும் ஃபைனும் காவலா, இல்ல பக்கத்து வீட்டுக்காரரும் வரிசையில பின்னாடி நிக்கறவரும் காவலா, இல்ல யாருமே இல்லாம அவங்கவங்க மனசாட்சி தான் காவலா. மூணுல எதுன்னு பிடிபட்டுட்டா அப்பறம் எப்படி நடந்துக்கணும்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நெனப்பை இறக்கி வச்சிருங்க

"அவங்கல்லாம் டிசிப்ளின், நம்மாளுங்களுக்கு ரூலே கிடையாது" அப்படிங்கற பேச்சு. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும், ஏன்னா உண்மையும் இல்ல, புதுசா போறவங்களுக்கு ஒரு உபயோகமும் இல்ல. மிஷெல் கெல்ஃபாண்டுங்கற உளவியல் ஆய்வாளரும் அவங்க கூட இருந்த ஆய்வாளர்களும் 33 நாட்டுல ஆளுங்கள கேட்டு 2011ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க, எந்த சமூகத்துல "இப்படித்தான் நடந்துக்கணும்"ங்கற எதிர்பார்ப்பு இறுக்கமா இருக்கு, மீறினா எவ்வளவு முகம் சுளிக்கறாங்க, பேங்க்ல சத்தமா சிரிக்கலாமா, லைப்ரரில பாடலாமா, இந்த மாதிரி கேள்விகள். இறுக்கமான பக்கத்துல மேல வந்தது பாகிஸ்தான், மலேசியா, இந்தியா, சிங்கப்பூர், தென் கொரியா. லூசான பக்கத்துல உக்ரைன், எஸ்டோனியா, நெதர்லாந்து. ஜெர்மனி எங்கயோ நடுவுல.

அதாவது இந்தியா ரூல் இல்லாத ஊர் கிடையாது, பெரியவங்க முன்னாடி எப்படி உக்காரணும், என்ன டிரஸ் போடணும், யாரை கல்யாணம் பண்ணலாம்ங்கறதுல அத்தனை ரூல், சிக்னல்ல மட்டும் கிடையாது. டச்சுக்காரங்க, அதாவது நெதர்லாந்துக்காரங்க, அதுக்கு நேர் எதிர், நீ என்ன வேணா போட்டுக்கோ எப்படி வேணா வாழு, ஆனா சைக்கிள் பாதையில நடந்து பாரு, பெல் அடிச்சே உன்னை துரத்துவாங்க. ரூல் எல்லா ஊர்லயும் இருக்கு, அது எந்த விஷயத்து மேல உக்காந்திருக்குங்கறது தான் மாறுது.

இன்னொண்ணு, நியூயார்க் ஐநா தூதர்கள் கதை. ரே ஃபிஸ்மன், எட்வர்ட் மிகெல்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் இதை ஆராய்ஞ்சாங்க. தூதர்களுக்கு சட்டப் பாதுகாப்பு இருந்ததால பார்க்கிங் ஃபைன் கட்டாட்டியும் ஒண்ணும் பண்ண முடியாது, 1997ல இருந்து 2002க்குள்ள கட்டாம விட்ட ஃபைன் சீட்டு மட்டும் 1,50,000க்கு மேல, 1.8 கோடி டாலர். ஸ்வீடன், நார்வே, ஜப்பான் தூதர்கள் பாக்கியே வைக்கல, குவைத் தூதர்கள் தலைக்கு 200 சீட்டுக்கு மேல பாக்கி. சரி பழக்கம் கூடவே வருதுன்னு தெரியுது. ஆனா 2002 அக்டோபர்ல, கட்டலன்னா வண்டியோட தூதரக நம்பர் பிளேட்டை பிடுங்கிடுவோம்னு நகரம் சொன்னதும் பாக்கி கிட்டத்தட்ட 98 சதவீதம் குறைஞ்சிடுச்சு! ஆளு அதே ஆளு தான், காவல் மாறிச்சு.

போறதுக்கு முன்னாடி: ஃபைன், ஜெயில், விசா சம்பந்தப்பட்டதை மட்டும் படிங்க

எல்லா ரூலையும் படிக்க முடியாது, படிக்கவும் வேணாம். தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னா கேக்காத ரூல்னு ஒரு சின்ன லிஸ்ட் எல்லா நாட்டுலயும் இருக்கும், அதை மட்டும் அந்த நாட்டு அரசாங்க சைட்டுலயே படிச்சிருங்க, தெரிஞ்சவர் சொன்னதை நம்பாதீங்க.

பெட்டில என்ன எடுத்துட்டு போறீங்கங்கறது முதல். கசகசா பாக்கெட்டை அம்மா மசாலா சாமானோட சேத்து கட்டிக் குடுத்துருவாங்க, அது சிங்கப்பூர்லயும் அமீரகத்துலயும் போதைப் பொருள் சம்பந்தப்பட்ட தடை லிஸ்ட்ல இருக்கு. கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைக்கு அமீரகத்துல முன் அனுமதி வேணும். சிங்கப்பூருக்கு வேப் (எலக்ட்ரானிக் சிகரெட்) எடுத்துட்டே போகக் கூடாது, வச்சிருந்தாலே குத்தம். சூயிங் கம் இறக்குமதிக்கும் விக்கறதுக்கும் அங்க 1992ல இருந்தே தடை.

அடுத்தது தினசரி ஃபைன். சிங்கப்பூர் ரயில்ல சாப்பிட்டா குடிச்சா அந்த ஊர் டாலர்ல 500 வரைக்கும் போகும், துபாய் மெட்ரோல 100 திர்ஹாம். துபாய்ல கண்ட இடத்துல ரோடு கடந்தா 400 திர்ஹாம், வேகமான பெரிய ரோடுன்னா இப்ப புது சட்டத்துல தொகை எங்கயோ போயிடும். சிங்கப்பூர்ல ஹாக்கர் சென்டர்னு சொல்ற சாப்பாட்டுக் கடை வளாகத்துல சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வைக்கணும், 2021 செப்டம்பர்ல இருந்து இதை கண்டிப்பா பாக்கறாங்க, முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 டாலர். ஃபின்லாந்துல பெரிய வேக மீறலுக்கு ஃபைனே உங்க வருமானத்தைப் பொறுத்து தான், 2023ல 50ல போக வேண்டிய இடத்துல 82ல போன ஒரு கோடீஸ்வரருக்கு 1,21,000 யூரோ போட்டாங்க. (நமக்கு அவ்வளவு வராது, கவலை வேணாம்.)

மூணாவது, பதிவு. ஜெர்மனில வீட்டுக்கு குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சில அட்ரஸ் பதியணும், அது இல்லாம அடுத்த வேலை ஒண்ணும் நடக்காது. எந்த நாடா இருந்தாலும் "வந்த எத்தனை நாளுக்குள்ள எங்க பதியணும்"ங்கறத முதல்லயே ஃபோன் காலண்டர்ல போட்டுருங்க.

இறங்கின முதல் வாரங்கள்: சிக்னல் பக்கத்துல நின்னு பாருங்க

விளையாட்டுக்கு சொல்லல. ஒரு ஊரோட ரூல் புத்தி முழுசும் நடக்கறவங்க சிக்னல்ல தெரிஞ்சிடும், அதனால ஆபீஸ் போற வழியில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, வண்டியே வரலன்னாலும் நிக்கறாங்களா, ஒருத்தர் இறங்கினா மத்தவங்க பின்னாடியே இறங்கறாங்களா, இறங்கினவரை யாராவது மொறைக்கறாங்களா. 2017ல வந்த ஒரு ஆய்வுல சிவப்பு விளக்குல கடந்தவங்க பிரான்ஸ்ல 41.9 சதவீதம், ஜப்பான்ல 2.1 சதவீதம். ரெண்டுமே பணக்கார நாடு, ரெண்டு ஊர்லயும் சிக்னல் ஒழுங்கா வேலை செய்யுது, அப்பறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்னா காவல் வேற.

ஜெர்மனியை எடுத்துக்கங்க, நடந்து சிவப்புல கடந்தா ஃபைன் வெறும் 5 யூரோ, விபத்து ஆச்சுன்னா 10. இந்த 5 யூரோவுக்கு பயந்து யாராவது நிப்பாங்களா? பக்கத்துல குழந்தையோட நிக்கற அம்மாவுக்கு பயந்து தான் நிக்கறாங்க. பிள்ளைங்களுக்கு முன்மாதிரியா இருங்க, பச்சையில மட்டும் கடங்கன்னு சில சிக்னல்ல போர்டே வச்சிருப்பாங்க, அதை மீறி நீங்க போனீங்கன்னா எங்கிருந்தோ ஒரு குரல் வரும். குழந்தை யாரும் இல்லாத ராத்திரில அதே ஊர்க்காரங்க ரெண்டு பக்கமும் பாத்துட்டு கடக்கறதும் உண்டு. ஆனா சைக்கிள்ல சிவப்பை தாண்டுனா கதை வேற, 60 யூரோவும் லைசென்ஸ் கணக்குல ஒரு தண்டனை பாயிண்ட்டும், சிவப்பு விழுந்து ஒரு செகண்டுக்கு மேல ஆயிருந்தா 100. ஒரே விளக்கு தான், நடந்தா பக்கத்துல நிக்கறவங்க காவல், சைக்கிள்னா போலீஸ்.

இங்கிலாந்துல நடக்கறவங்க சிவப்புல கடக்கறது குத்தமே கிடையாது, உங்க பொறுப்புல நீங்க கடக்கலாம், அதனால லண்டன்ல ஜெர்மன்காரர் மாதிரி காலி ரோட்டுல நின்னுட்டு இருந்தா தான் விநோதமா பாப்பாங்க. நியூயார்க்ல எல்லாரும் ரொம்ப வருஷமா கடந்துட்டே இருந்தாங்க, கடைசில சட்டமே தோத்துப்போய் 2024ல அதை குத்தமில்லைன்னு மாத்திட்டாங்க.

எஸ்கலேட்டரையும் பாருங்க. டோக்கியோல இடது பக்கம் ஒதுங்கி நிப்பாங்க, ஒசாகால வலது பக்கம். சைதாமால 2021லயும் நகோயால 2023லயும், யாரும் நடக்கக் கூடாது ரெண்டு பக்கமும் நின்னு தான் போகணும்னு சட்டமே போட்டாங்க, ஃபைன் வைக்கல. புது ஆளா நீங்க முன்னாடி நிக்கறவங்க பின்னாடி நின்னுருங்க, முடிஞ்சது.

வீடு: இங்க தான் நிறைய பேர் மாட்டறாங்க

ரோட்டு ரூலை ஒரு வாரத்துல கத்துக்கலாம், அபார்ட்மெண்ட் ரூல் தான் கஷ்டம், ஏன்னா இங்க காவல் பக்கத்து வீட்டுக்காரர், அவர் நேரா சொல்ல மாட்டார், சிரிச்சுட்டே குட் மார்னிங் சொல்லிட்டு ஓனருக்கு லெட்டர் போட்டிருப்பார். சில ஊர்ல நேரா வந்து கதவைத் தட்டுவாங்க, அது மரியாதைக் குறைவு இல்ல, உங்களுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கறாங்கன்னு எடுத்துக்கங்க.

சத்தம் முதல்ல. ஜெர்மனில பொதுவா ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் அமைதி நேரம், ஞாயித்துக்கிழமை நாள் முழுக்க அப்படித்தான். ஞாயிறு லீவாச்சேன்னு சுவத்துல டிரில் போட்டு ஷெல்ஃப் மாட்டக் கூடாது, புல் வெட்டக் கூடாது, கண்ணாடி பாட்டிலை தெருவுல இருக்கற தொட்டில போடறது கூட கூடாது, தொட்டிலயே நேரம் எழுதியிருக்கும். சுவிட்சர்லாந்துலயும் கிட்டத்தட்ட இதே தான். லீவு நாள்னா வீட்டு வேலைக்கான நாள்னு நாம நெனக்கறோம், அவங்களுக்கு அது யாரும் யாரையும் தொந்தரவு பண்ணாத நாள். நிறைய வாடகை வீட்டுல வீட்டு ஒழுங்குன்னு ஒரு பேப்பர் அக்ரிமெண்ட்டோட வரும், மாடிப்படி யார் எந்த வாரம் கூட்டணும், வாஷிங் மெஷின் எத்தனை மணி வரைக்கும் ஓட்டலாம்னு அதுல இருக்கும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டாவது படிச்சிருங்க.

குப்பை அதை விட பெரிய கதை. ஜப்பான்ல எரியற குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், பாட்டில்னு ஒவ்வொண்ணுக்கும் தனி நாள், ஒவ்வொரு ஊருக்கும் தனி அட்டவணை, காலைல சொன்ன நேரத்துக்குள்ள சொன்ன இடத்துல வைக்கணும். தப்பா பிரிச்ச பையை எடுக்காம ஸ்டிக்கர் ஒட்டி அங்கயே விட்டுட்டு போயிருவாங்க, தெருவே பாக்கும், அந்த ஸ்டிக்கர் தான் தண்டனை. சூரிச்ல வேற மாதிரி, நகரம் விக்கற பையில போட்டா தான் எடுப்பாங்க, அந்த பையோட விலையிலயே குப்பை கட்டணம் சேந்திருக்கும், சாதா கவர்ல கட்டி வச்சீங்கன்னா உள்ள இருக்கற லெட்டர்ல உங்க அட்ரஸ் பாத்து கண்டுபிடிச்சு ஃபைன் அனுப்புவாங்க. இங்க பக்கத்து வீட்டுக்காரர், முனிசிபாலிட்டி ரெண்டுமே காவல்.

இதுக்கு என்ன பண்ணலாம்னா, குடி போன வாரமே பக்கத்து வீட்டு பெல்லை அடிச்சு பேரைச் சொல்லி, குப்பை எப்படி போடறது, எத்தனை மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு நீங்களா கேட்டுருங்க. பதில் உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருந்தாலும் கேளுங்க. கேட்ட ஆளு மேல அவ்வளவு சீக்கிரம் புகார் போகாது. வீட்டுல விசேஷம்னு கூட்டம் சேர்றதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடியே லிஃப்ட் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டி, இத்தனை மணி வரைக்கும் கொஞ்சம் சத்தம் இருக்கும் மன்னிச்சுக்கங்கன்னு எழுதி வைங்க, ஜெர்மனி மாதிரி ஊர்ல இது சாதாரணமா எல்லாரும் பண்றது.

யாரும் காவல் இல்லாத இடத்துல தான் ரொம்ப ஜாக்கிரதை

ஜெர்மனி, ஆஸ்திரியா ரயில் ஸ்டேஷன்ல தடுப்பு கேட் எதுவும் இருக்காது, நேரா ஏறி உக்காந்துக்கலாம், பல நாள் யாரும் டிக்கெட் கேக்க மாட்டாங்க. புதுசா வந்த பசங்க சில பேர் இதைப் பாத்துட்டு சும்மாவே போகலாம் போலன்னு கணக்கு போடறாங்க, அப்பறம் ஒரு நாள் சாதா டிரஸ்ல ஒருத்தர் எழுந்து கார்டை காட்டுவார். ஜெர்மனில 60 யூரோ, திரும்பத் திரும்ப மாட்டினா அது கிரிமினல் கேஸ் வரைக்கும் போகலாம். இன்னொரு சிக்கல், சில ஊர்ல டிக்கெட் வாங்கினா மட்டும் பத்தாது, சின்ன மெஷின்ல முத்திரை குத்தணும், குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்ல, வந்த புதுசுல இது தெரியாம நிஜமாவே காசு குடுத்தவங்களும் ஃபைன் கட்டறாங்க. டிக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துருங்க.

இந்த மாதிரி இடத்தை ஏமாத்த ஈஸியான இடம்னு பாக்கறதா, நம்பி விட்டிருக்கற இடம்னு பாக்கறதாங்கறது தான் வித்தியாசமே. ஜெர்மன் வயலோரத்துல பூவை நீங்களே வெட்டிக்கங்க, காசை பெட்டில போடுங்கன்னு போர்டு இருக்கும், ஆளே இருக்க மாட்டாங்க. அமெரிக்கால நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கற சந்திப்புல சிக்னலும் இல்ல போலீஸும் இல்ல, யார் முதல்ல வந்து நின்னாங்களோ அவங்க முதல்ல போவாங்க, ரோடு காலியா இருந்தாலும் சக்கரம் முழுசா நிக்கணும். சிங்கப்பூர்ல டேபிள் மேல ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தா அந்த இடம் பிடிச்சாச்சுன்னு அர்த்தம், எந்த சட்டத்துலயும் இல்ல, ஆனா அதை நகத்திட்டு உக்காந்து பாருங்க தெரியும். ஃபைனுக்கு பேர் போன அந்த ஊர்லயே ஃபைன் இல்லாத இந்த ரூலைத்தான் ஜனங்க தாங்களா உண்டாக்கி தாங்களா காப்பாத்தறாங்க.

ஆபீஸ், கவுண்ட்டர், தெரிஞ்சவர்

"கொஞ்சம் பாத்து பண்ணிக் குடுங்க சார்" அப்படிங்கறது பல நாட்டுல எடுபடாது. கவுண்ட்டர்ல இருக்கறவருக்கு மனசு இல்லைன்னு அர்த்தமில்ல, அவர் உங்களுக்கு ஒரு சலுகை குடுத்தா பின்னாடி நிக்கறவருக்கு அநியாயம் பண்றதா தான் அவர் நெனப்பார். 1951லயே ஸ்டூஃபர், டோபின்னு ரெண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் இதுக்கு ஒரு கேள்வி வச்சிருந்தாங்க: நண்பர் ஓட்டற கார்ல நீங்க போறீங்க, 20 மைல்ல போக வேண்டிய இடத்துல அவர் 35ல போய் ஒருத்தர் மேல மோதிட்டார், சாட்சி நீங்க மட்டும் தான், 20ல தான் போனார்னு சொல்வீங்களா? பின்னாடி இதையே பல நாட்டுல கேட்டப்ப சுவிட்சர்லாந்து, கனடா, அமெரிக்கா மாதிரி இடத்துல பெரும்பாலானவங்க சொல்ல மாட்டேன்னாங்க, வெனிசுலா, தென் கொரியா மாதிரி இடத்துல நண்பர் பக்கம் நிறைய பேர் சாஞ்சாங்க. ஒரு பக்கம் "இவங்களுக்கு பாசமே இல்ல"ம்பாங்க, மறுபக்கம் "இவங்கள நம்பவே முடியாது, வேண்டியவங்களுக்கு பொய் சொல்லுவாங்க"ம்பாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க கணக்குல நேர்மையானவங்க தான்.

அதனால அங்க கெஞ்சறதுக்கு பதிலா "என் நிலைமைக்கு எந்த விதி பொருந்தும், விதிவிலக்கு ஏதாவது இருக்கா, எந்த ஃபார்ம்?"னு கேளுங்க. விதிவிலக்கே விதிக்குள்ள எழுதியிருக்கும், கேட்டா அவரே தேடிக் குடுப்பார். காசு குடுக்கற நெனப்பே வேணாம், குறிப்பா போலீஸ்கிட்ட, அது தனி குத்தம். அமெரிக்கால போலீஸ் வண்டியை நிறுத்தினா மரியாதைக்காக இறங்கி அவர்கிட்ட நடந்து போகாதீங்க, உள்ளயே உக்காந்து கையை ஸ்டீயரிங் மேல வச்சுக்கங்க. இறங்கி வர்றவரை அவங்க ஆபத்தா தான் பாப்பாங்க.

ஊர்க்காரன் மீறறான்னு நீங்க மீறாதீங்க

கொஞ்ச நாள் ஆனதும் லோக்கல் ஆளுங்க எதை மீறறாங்கன்னு கண்ணுல படும். நெதர்லாந்துல காஃபி ஷாப்னே பேர் வச்சிருக்கற கஞ்சா கடைங்கள்ல 5 கிராம் வரைக்கும் விக்கறதை கண்டுக்காம விடறாங்க, அதுக்காக அது சட்டப்படி சரின்னு ஆயிடல, அதை அடுத்த நாட்டு பார்டர்ல எடுத்துட்டு போனீங்கன்னா கண்டுக்காம விட மாட்டாங்க. ஹைவேல எல்லாரும் லிமிட்டை தாண்டி ஓட்டுவாங்க. அவங்களுக்கு ஃபைன் கட்டினா விஷயம் முடிஞ்சது, உங்களுக்கு அதே விஷயம் விசா பேப்பர்ல வந்து உக்காரும். அமெரிக்க குடியுரிமை விண்ணப்பத்துல கைது மட்டுமில்லாம வேற நடவடிக்கை ஏதாவது வந்திருக்கான்னும் கேப்பாங்க, பிரிட்டன்ல நன்னடத்தைன்னு ஒரு நிபந்தனையே இருக்கு. இது நியாயமான்னு கேட்டா இல்ல தான், ஆனா பாஸ்போர்ட் மாறற வரைக்கும் ஊர்க்காரனை விட ஒரு படி அதிகமா ரூலை பாத்துக்கங்க.

திட்டு வாங்கினா

வாங்குவீங்க, எல்லாரும் வாங்கினது தான். விளக்கம் குடுக்காதீங்க, எங்க ஊர்ல இப்படி இல்லன்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. மன்னிச்சுக்கங்க, புதுசு, எப்படி பண்ணணும்னு சொல்றீங்களா, அவ்வளவு போதும், முக்கால்வாசி பேர் அதுக்கப்பறம் உங்களுக்கு வாத்தியாரா மாறிடுவாங்க. நிறத்தைப் பாத்து வேணும்னே சீண்டறவங்களும் இருக்காங்க, அது வேற. ஒரே தப்பை ஊர்க்காரன் பண்ணும்போது சும்மா இருந்துட்டு உங்ககிட்ட மட்டும் வர்றாங்களான்னு கவனிங்க, அப்படின்னா தலையை ஆட்டிட்டு நகர்ந்துருங்க, மிரட்டற அளவுக்கு போனா எழுதி வச்சு புகார் குடுங்க.

ஃபைன் லெட்டர் வந்துட்டா

பயந்து டிராயர்ல போட்டு பூட்டிடாதீங்க, சின்ன ஃபைன் பெருசாகறது அப்படித்தான். லெட்டர்ல தேதி இருக்கும். பிரிட்டன்ல நகராட்சி பார்க்கிங் ஃபைனை 14 நாளுக்குள்ள கட்டினா பாதி தான். ஜெர்மனில ஃபைன் உத்தரவு கைக்கு வந்ததுல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள எழுத்துல ஆட்சேபம் அனுப்பலாம், தப்பா போட்டிருந்தா தைரியமா அனுப்புங்க, அது சண்டை இல்ல, அதுவும் ரூல்ல இருக்கற வழி தான். கட்டின ரசீதை ஊரை விட்டு கிளம்பினாலும் தூக்கிப் போடாதீங்க, விசா புதுப்பிக்கும்போது கேக்கலாம். அப்பறம் எஸ்எம்எஸ்ல "உங்க டோல் பாக்கி இருக்கு, இந்த லிங்க்ல கட்டுங்க"ன்னு வந்தா அது பெரும்பாலும் ஃபிராடு, லிங்கை தொடாம சம்பந்தப்பட்ட அரசாங்க சைட்டுக்கு நீங்களே போய் வண்டி நம்பரைப் போட்டு பாத்துக்கங்க.